பழைய அட்டையில் வெட்டிய உறை

ஓட்டோ ஒன்றின் பின் இருக்கைக்கு றெக்சின் இழுத்துப் பிடித்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார் ஆழ்வாப்பிள்ளை. அப்போதுதான் அந்தப் பெண் கடைக்குள் வந்தாள். வந்தவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. குந்தியிருந்து, இருக்கையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். மெரூன் றெக்சின் முடிகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய மடிப்பு ஓடியது.

"ஐயா, இந்த ஓரம் நீங்களோ தைக்கிறனீங்கள்?"

"ஓம். பின்னை ஆர், பேய் வந்து தைக்குமோ?"

"இப்பிடி ரெண்டு நிறத்திலை மடிச்சு வேறை ஆரும் தைக்கிறவையோ?"

"சாவகச்சேரியிலை இல்லை. அது மினைக்கேடு பிடிச்ச வேலை, பிள்ளை. என்ன, வீட்டுச் சோபாச் செற்றிக்கோ?"

"இல்லை. பிஸ்ரல் உறைக்கு."

சுத்தியல் ஆணியை விட்டுப் பெருவிரலில் விழுந்தது. ஆழ்வாப்பிள்ளை விரலை வாயில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பொட்டு இருந்தது. இந்த ஊரில் பொட்டோடு தனியாக அலைகிற பெண்ணிடம் புருஷன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் இல்லை, அதுதான் காரணம்.

அவள் பெயர் சிவகௌரி. கணவன் குகதாசன் நுணாவிலில் ட்ரக்டர் திருத்துகிறவன். 2007இல் ஒரு காலை, பட்டறைக்கு இரண்டு மோட்டார் சைக்கிள்களில் நால்வர் வந்தார்கள். சீருடை இல்லை. அவனுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்த இவளை முழங்காலில் இருத்தினார்கள். நிமிர்ந்தால் தலையில் அடி. அதனால் முகம் எதையும் அவள் பார்க்கவில்லை. அவள் கண்ணுக்கு நேரே இருந்தது ஒருவனின் தொடை. அந்தத் தொடையில் வாரால் கட்டியிருந்த ஒரு மெரூன் உறை. ஓரத்தில் சாம்பல் மடிப்பு. அவன் வாரைத் திறந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம். அவனைக் கொண்டுபோனார்கள், அதன் பிறகு குகதாசன் இல்லை.

"போன கிழமை ஒரு ஓட்டோவிலை வந்தனான் ஐயா. இருந்த இடத்தைக் குனிஞ்சு பாத்தன். அதே ஓரம். இறங்கமாட்டன் எண்டு அழுதன். அந்தப் பெடியன் பயந்துபோய் உங்கடை கடையைச் சொன்னவன்."

ஓம் என்றால் அந்த உறையை அவர்தான் தைத்தார் என்றாகிறது. இல்லை என்றால் பொய்.

"தைச்சிருக்கலாம்," என்றார். "ஆருக்கெண்டு கேக்காதை. எல்லாருக்கும் தைச்சனான்."

"ஆரெண்டு கேக்க வரேல்லை. அதுக்குள்ளை எந்தப் பிஸ்ரல் இருந்ததெண்டு கேக்க வந்தனான்."

விஷயம் இதுதான். இத்தனை வருஷம் கழித்து ஒரு விசாரணைக்குழு அவளுடைய வழக்குக் கோவையை எடுத்திருந்தது. முதல் அமர்வில், ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவரை நிபுணர் என்று அழைத்து வந்திருந்தார்கள். அவர் ஒரு பெரிய படத்தாளை விரித்தார். விசேட படைகளின் கைத்துப்பாக்கிகள் காலத்துக்குக் காலம் எப்படி மாறின என்று வரிசையாகப் படம். அம்மா, நீங்கள் கண்டது எது? அந்த உறையின் உருவத்தை நினைத்து, அவள் நடுவில் இருந்த ஒன்றைத் தொட்டாள். மூக்கு நீண்டு, பின்புறம் தோட்டாவைத் தட்டிவிடுகிற சிறிய சுத்தியல் வைத்த பழைய பிரௌனிங். நிபுணர் தலையை ஆட்டினார். அது பழசு, 2007க்கு முன்பே எங்கள் விசேட அணிகள் அதைக் கைவிட்டு, சுத்தியல் இல்லாத, பிளாஸ்டிக் உடம்புள்ள புதியதுக்கு மாறிவிட்டன, ஆகவே வந்தவர்கள் எங்களுடைய ஆட்கள் இல்லை என்றார். அடுத்த அமர்வில், 'அடையாளம் தெரியாத ஆயுதக்குழு' என்று எழுதிக் கோவையைப் பூட்டப் போகிறார்கள்.

ஒவ்வொரு துவக்குக்கும் ஓர் இலக்கம் உண்டு. எந்த இலக்கம் எந்த நாளில் எவன் கைக்குப் போனது என்பதற்கு ஆயுதக் களஞ்சியத்தில் பதிவு உண்டு. ஒரு தோட்டா குறைந்தால் சிப்பாயை வெயிலில் நிறுத்துகிற ஒழுங்கு உண்டு. அவற்றைத் திறந்து பார்க்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. முழங்காலில் இருத்தி அடிக்கப்பட்டவள்தான் துவக்கின் வகையைச் சொல்லவேண்டுமாம். தவறாகச் சொன்னால் குற்றம் செய்தவன் வீட்டுக்குப் போகலாமாம். குகதாசன் தெற்குத் திசையில் உயிரோடு இருக்கிறான் என்று வருஷா வருஷம் சொன்ன சாத்திரிமாருக்கும் இந்தப் படத்தாளுக்கும் என்ன வித்தியாசம்? சாத்திரிமாராவது வெற்றிலை வைத்துவிட்டுச் சொன்னார்கள்.

ஆழ்வாப்பிள்ளை எழுந்து கடையின் பின்சுவருக்குப் போனார். அங்கே ஓர் ஆணியில் அளவு வெட்டிய அட்டை மட்டைகள் கொத்தாகத் தொங்கின. பிஸ்கட் பெட்டியைக் கிழித்து வெட்டியவை. பெரும்பாலும் கார்க் கதவு, மோட்டார் சைக்கிள் சீற், கதிரைக் கை. அவற்றுக்கு நடுவில் வேறு சில.

"பார்," என்று அவற்றைப் பிரித்து எடுத்தார். "உதுகள்தான்."

ஐந்தாறு மட்டைகள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் சுற்றிக் கீறிய கைத்துப்பாக்கியின் உருவம். பெயர் இல்லை, திகதி இல்லை.

"ஒண்டும் எழுதேல்லையோ?"

"எழுதினவன் உயிரோடை இருப்பானோ, பிள்ளை?"

ஆழ்வாப்பிள்ளை சரசாலைக்காரர். பதினாறு வயதில் யாழ்ப்பாணம் பட்டினத்தில் ஸலாஹுதீன் நானாவின் குஷன் பட்டறையில் சேர்ந்தார். பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களுக்கு இருக்கை தைப்பதுதான் வேலை. இரண்டு நிற ஓரம் நானாவுடையது. ஓரம் தேய்ந்தால் சீற் செத்தது, ஓரத்தை வேறு துண்டால் மூடு என்பார். நானாவை 1990இல், பட்டினத்து முஸ்லிம்கள் அத்தனை பேரோடும் சேர்த்து, உடுத்த உடுப்போடு விரட்டினார்கள். தமிழர் செய்த அநியாயம் என்பதற்காக அது அநியாயம் இல்லாமல் போய்விடாது. நானா புத்தளத்தில் அகதி முகாமில் கிடந்து, பிறகு அங்கேயே ஒரு கடை போட்டு, அங்கேயே செத்தார். அந்த ஓரத்தை அவர் அங்கும் யாருக்காவது தைத்திருப்பார். தன் குழப்பங்களில் இதையும் ஒன்றாக ஆழ்வாப்பிள்ளை பின்னர் சேர்த்துக்கொள்ளப் போகிறார்.

முதல் மட்டை அந்தப் பட்டறையில் வந்தது. பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஒருவரின் சுழல் துப்பாக்கி, வயிறு புடைத்தது. உறைக்கு முழு மூடி, மூடிக்கு வார், வாருக்குப் பித்தளைக் குமிழ். இன்ஸ்பெக்டர் அதை வெளியே எடுத்து முடிப்பதற்குள் கள்ளன் மீசாலை தாண்டிவிடுவான் என்று நானா சிரிப்பார். அது சுடுவதற்கு வைத்திருந்த பொருள் அல்ல. இடுப்பில் தொங்கி, நான் யார் தெரியுமா என்று கேட்கிற பொருள்.

பிறகு இயக்கப் பெடியள் வந்தார்கள். துவாயில் சுற்றிய ஒரு தட்டைத் துப்பாக்கியை மேசையில் வைத்து, தோட்டாவைக் கழற்றி, கீறுங்கோ அண்ணை என்றார்கள். துவக்கை விட்டுவிட்டுப் போகிற வழக்கம் எந்தக் கட்சிக்கும் இல்லை. சப்பாத்துக்குக் கால் வைத்துக் கீறுவதுபோல மட்டையில் வைத்துக் கீறி, மட்டையை வைத்துக்கொண்டு அனுப்பிவிட வேண்டியதுதான். பிறகு இந்தியப் படை வந்தது. தலைப்பாகை கட்டிய ஓர் அதிகாரி, உறை கிழிந்துபோச்சு என்று சைகையால் சொல்லித் துப்பாக்கியை மட்டையில் வைத்தார். அது, பெடியளுக்குக் கீறிய அதே மட்டையில், கோடு தவறாமல் உட்கார்ந்தது. ஆழ்வாப்பிள்ளை திகைத்துப்போனார். காலையும் மாலையும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறவர்களிடம் ஒரே துவக்கு. பிரௌனிங் என்று பெயர், பெல்ஜியத்துக்காரன் வரைந்தது, இந்தியாவும் செய்கிறது, அரைவாசி உலகம் இடுப்பில் வைத்திருக்கிறது என்று பின்னர் யாரோ சொன்னார்கள். அவர் மட்டைகளோடு சாவகச்சேரிக்கு வந்து சொந்தக் கடை போட்டிருந்தார்; தொண்ணூற்றாறுக்குப் பிறகு இலங்கைப் படை ஊருக்குள் வந்தபோது, அவர்களில் ஒருவன் கொண்டு வந்ததும் அதே மட்டையில் பொருந்தியது. மூன்று படைக்கும் ஒரு மட்டை போதும் என்பது அவருக்கு லாபமாகப் படவில்லை. பயமாக இருந்தது.

மாறியது துவக்கு மட்டுமல்ல, அது இருக்கிற இடமும்தான். சாதாரண அதிகாரி இடுப்பில், மூடியோடு கேட்பார். விசேட அணிக்காரன் வந்தால், மூடியை வெட்டு என்பான். வாரும் பிறஸ் பட்டனும் போதும். இடுப்பில் வேண்டாம், தொடையில் கட்டு. நிற்கும்போது கை எங்கே தொங்குகிறதோ அங்கே பிடி இருக்கவேண்டும். ஏன் என்று கேட்க ஆழ்வாப்பிள்ளைக்கு வாய் வராது. ஆனால் கத்தரிக்கோலைப் பிடித்த கைக்குப் புரிந்தது. நீளத் துவக்கு அறைக்குள் திரும்பாது. கதவுக்குள்ளும் கட்டிலுக்குக் கீழும் போகிறவனுக்குக் கைக்குச் சட்டென்று வருகிற கட்டைத் துவக்குத்தான் வேண்டும். மூடி போனதென்றால், துவக்கு வீடுகளுக்குள் வரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

யுத்தம் முடிந்த பிறகு அவரிடம் யாரும் வரவில்லை. இப்போது அவர்கள் அணிவது அச்சில் வார்த்த கடினமான உறை. கடைக்கு முன்னால் கண்டி வீதியில் ரோந்து போகிறவர்களின் தொடையில் அதைக் காணும்போது, நல்லகாலம், இனி நான் தேவையில்லை என்று நினைத்துக்கொள்வார்.

"ஐயா," என்றாள் சிவகௌரி. "உந்த மட்டையளிலை புதிசு இருக்கோ? சுத்தியல் இல்லாதது?"

ஆழ்வாப்பிள்ளை எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். சுழல் துப்பாக்கி இருந்தது. பிரௌனிங் இருந்தது. பெயர் தெரியாத இன்னும் சில இருந்தன. சுத்தியல் இல்லாத, சதுர மூக்குள்ள ஒன்று இல்லை.

"இல்லைப் பிள்ளை."

அவள் எழுந்தாள். வாசலில் நின்று, "அப்ப அந்த மனிசன் சொன்னது சரி. நான்தான் பிழை," என்றாள். "பதினைஞ்சு வருஷத்துக்கு மேலை ஒவ்வொரு நாளும் கண்ணை மூடினால் தெரியிற சாமான் ஐயா. அதுவும் பிழையெண்டால் நான் வேறை எதை நம்புறது?"

அவள் போன பிறகு ஆழ்வாப்பிள்ளைக்கு வேலை ஓடவில்லை. ஓட்டோக்காரன் வந்து ஏசிவிட்டுப் போனான். மெரூன் றெக்சின் துண்டு ஒன்றை எடுத்தார். பிரௌனிங் மட்டையை வைத்துக் கீறினார். வெட்டினார். சாம்பல் ஓரம் மடித்தார். ஏன் செய்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. கை தன்பாட்டில் போனது. மூக்குப் பக்கம் தைத்து முடிந்ததும் இடது கை மேசைக்குக் கீழே நீண்டு கம்பளித் துண்டு ஒன்றை எடுத்தது.

கம்பளி ஏன்? பிஸ்டல் உறைக்குள் கம்பளி வைப்பதில்லையே?

அப்போது வலது கன்னம் சுட்டது.

முன்னொரு நாள் ஒருவன் வந்தான். சாதாரண உடுப்பு. துவக்கை வெளியில் எடுக்கமாட்டேன் என்றான். முன்பெல்லாம் மட்டையில் வைத்தார்கள், இவன் வைக்கவில்லை. நைன் எம் எம், தொடையில் கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆழ்வாப்பிள்ளைக்கு நைன் எம் எம் என்றால் பிரௌனிங்தான். பழைய மட்டையில் வெட்டித் தைத்துக் கொடுத்தார். சுத்தியலுக்கு மேலால் வரும் வாரையும் பழக்கத்தில் வைத்துவிட்டார். இரண்டாம் நாள் அவன் திரும்பி வந்து அந்த உறையாலேயே கன்னத்தில் அடித்தான். துவக்கு நடுவில் இறுக்கம், மூக்கில் தொளதொளவென்று ஆட்டம். அப்போதுதான் அதைக் கண்டார். கறுப்பு, சதுரம், பின்னால் சுத்தியலே இல்லை. தையலைத் தளர்த்தி, மூக்குக்குள் கம்பளி திணித்துக் கொடுத்தார். வாரைக் கழற்றவில்லை. பிடித்துவைக்க எதுவும் இல்லாத இடத்தில் வார் அழகுக்குக் கிடந்து 'டிக்' என்றது.

ஆக, வெளியில் பழையது, உள்ளே புதியது. அவள் கண்டது பிழையில்லை. உறையைக் கண்டாள், உறை பிரௌனிங் உருவத்தில் இருந்தது. பிழை விட்டது இவர்.

அவர் வீட்டுக்கு ஓடாத குறையாகப் போனார். மனைவி பராசக்தி முற்றத்தில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சார், எனக்கு ஒருத்தன் உறையாலை அடிச்சானே, அது எப்ப?"

"உங்களுக்கு அடிச்சவையின்ரை கணக்கெல்லாம் நானோ வைச்சிருக்கிறன்?"

"பகிடி விடாதை. பாதை பூட்டியிருந்த காலம். றெக்சின் வராது. எரிஞ்ச பஸ்ஸின்ரை சீற்றிலை உரிச்ச மெரூன் துண்டு."

"ஓம். அது கரவெட்டியிலை இடம்பெயர்ந்து இருக்கேக்கை. கன்னம் வீங்கி, நான் உப்பு ஒத்தடம் பிடிச்சனான்."

ஆழ்வாப்பிள்ளை கணக்குப் போட்டார். கரவெட்டி என்றால் இரண்டாயிரம். சாவகச்சேரி தரைமட்டமாகி, மட்டைக் கொத்தையும் தூக்கிக்கொண்டு ஓடிய வருஷம். "இல்லையப்பா, இஞ்சை, கடையிலை. ரெண்டாந்தரம் பாதை பூட்டினபோது."

"ரெண்டாந்தரம் பூட்டினபோது மா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. றெக்சின் ஆர் கேட்டது?"

"அவன் கேட்டான்!"

"அப்ப ரெண்டு தரமும் அடி வாங்கியிருப்பியள். உங்கடை முகம் அப்பிடி."

இந்தத் தீபகற்பத்தில் வருஷத்தை எண்ணால் நினைக்கிறவர்கள் குறைவு. பாதை பூட்டின காலம், பாதை திறந்த காலம், இடம்பெயர்ந்த காலம், திரும்பி வந்த காலம் என்றுதான் கணக்கு. தெற்கிலிருந்து சாமான் வருகிற அந்த ஒரே பாதை ஒரு தடவை பூட்டியிருந்தால் பிழையில்லை. இரண்டு தடவை பூட்டினார்கள்: இரண்டாயிரத்திலும் பூட்டிக் கிடந்தது, 2007இலும் பூட்டிக் கிடந்தது. இரண்டு தடவையும் றெக்சின் இல்லை. இரண்டு தடவையும் எரிந்த பஸ் இருந்தது. எரிந்த பஸ்ஸுக்கு இந்த நாட்டில் எப்போது பஞ்சம்?

"நானாவும் தைச்சிருக்கலாம்," என்றார் களைத்துப்போய். "அந்த ஓரம் அவரின்ரைதானே. புத்தளத்திலையிருந்து ஆரும் கொண்டுவந்திருக்கலாம்."

"அப்ப அவரின்ரை மோனையும் கூப்பிடுங்கோ. சேந்திருந்து குழம்பலாம்." பராசக்தி கையை உதறிக்கொண்டு எழுந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பிள்ளை பாவம். போய்ச் சொல்லுங்கோ. என்ன தெரியுமோ அதைச் சொல்லுங்கோ," என்றாள்.

சிவகௌரிக்காக ஆஜராகிற சட்டத்தரணி ஜெசிதா நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் அவரைச் சந்தித்தாள். முழுக் கதையையும் கேட்டாள். கண் பளபளத்தது.

"ஐயா, இது காணும்! புதுத் துவக்கு, பழைய உறை. வருஷம் 2007. முடிஞ்சுது."

"வருஷம்தான் பிள்ளை குழப்பம்."

"என்ன குழப்பம்? அவையின்ரை படத்தாளின்படி ரெண்டாயிரத்திலை அந்தப் புதுத் துவக்கே வரேல்லை. அப்ப நீங்கள் கண்டது ரெண்டாந்தரம் பூட்டினபோதுதான்."

ஆழ்வாப்பிள்ளை தேநீரை ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

"படத்தாளை நம்பினால் எனக்கு வருஷம் வரும், என்ன?"

"ஓம்."

"படத்தாளை நம்பவேண்டாமெண்டு சொல்லத்தானே நான் வாறன்?"

பக்கத்தில் இருந்த சிவகௌரி முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிப்பென்று சொல்ல முடியாது, மூச்சு வெளியில் வந்தது.

"ஐயா, ஒரு வருஷத்தைச் சொல்லிவிடுங்கோ," என்றாள் ஜெசிதா. "ஆருக்கு நட்டம்? அவங்கள் வாயாலை வந்த பொய்க்கு இது என்ன?"

நியாயம்தான் என்றும் பட்டது. ஆர் பார்த்தது? ஒரு சொல். அந்தப் பிள்ளை இவ்வளவு காலம் அலைந்திருக்கிறாள். ஆழ்வாப்பிள்ளை சிவகௌரியைப் பார்த்தார். அவள் மேசையில் கிடந்த தேநீர் வட்டத்தை விரலால் அழித்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை நாளில், தைத்து முடித்த மெரூன் உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். வாய்க்குக் குழம்பினாலும் கைக்குக் குழம்பாது, அதைக் காட்டி விளக்கிவிடலாம் என்று திட்டம். வாசலில் பையைச் சோதித்த காவலன் உறையை வெளியில் எடுத்தான். உள்ளே பார்த்தான். தலைகீழாக உதறினான். கம்பளித் துண்டு விழுந்தது.

"துவக்கு எங்கை?"

"துவக்கு இல்லை ஐயா, உறை மட்டும்தான்."

"துவக்கு இல்லாமல் உறை ஏன்?"

உறை வாசலிலேயே தங்கிவிட்டது. அவர் வெறுங்கையோடு உள்ளே போனார்.

குழுவின் தலைவர் வயதானவர். மேசைக்கு அந்தப் பக்கம் நிபுணர், படத்தாளோடு. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். ஆழ்வாப்பிள்ளை தான் தைத்ததையும், அடி வாங்கியதையும், கம்பளி திணித்ததையும் சொன்னார். கையால் உருவம் காட்டினார். வெறுங்கையில், பிரௌனிங் எது, புதியது எது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

நிபுணர் மரியாதையோடுதான் கேட்டார். "இது எந்த ஆண்டு?"

"பாதை பூட்டின காலம்."

"எந்தத் தடவை?"

ஆழ்வாப்பிள்ளையின் நாக்கில் இரண்டாயிரத்து ஏழு வந்து நின்றது. சிவகௌரி முன்வரிசையில், கைப்பையை மடியில் அணைத்தபடி அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையில் வேண்டுதல் இல்லை. பட்டறையில் முழங்காலில் இருந்து தொடையைப் பார்த்தபோதும் இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. உள்ளதை உள்ளபடி பார்த்து வைத்திருக்கிறாள். அதற்காகத்தான் அவளைப் பொய்க்காரி என்கிறார்கள். இப்போது நானும் ஒரு பொய்யைக் கொண்டுபோய் அதன்மேல் வைக்கவா?

"தெரியேல்லை," என்றார்.

ஜெசிதா தலையைக் குனிந்துகொண்டாள். நிபுணர் தன் தாள்களை அடுக்கத் தொடங்கினார். தலைவர், "சாட்சி குழப்பத்தில் இருக்கிறார்," என்று எழுதுகிறவருக்குச் சொன்னார்.

"ஓம்," என்றார் ஆழ்வாப்பிள்ளை. குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "குழப்பம்தான். நல்லா எழுதுங்கோ. ஆனால் முழுக்க எழுதுங்கோ. பழைய உறைக்குள்ளை புதுத் துவக்கு வைச்சுக் குடுத்தனான். ஒருக்கா செய்தனான் எண்டது சத்தியம். எப்ப எண்டு தெரியேல்லை. இந்தப் பிள்ளையின்ரை புருஷனைக் கொண்டுபோனவனுக்குத்தானோ எண்டும் தெரியேல்லை. அப்ப உறையைப் பாத்து உள்ளுக்கு என்ன துவக்கெண்டு என்னாலை சொல்லேலாது. தைச்ச எனக்கே ஏலாதெண்டால், தள்ளியிருந்து படம் பாத்த இந்த ஐயாவாலை எப்பிடி ஏலும்?"

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தடுமாறிச் சொல்லி முடித்தார். நிபுணர், ஆண்டு எல்லாம் ஆவணங்களில் தெளிவாக இருக்கிறது என்றார்.

"எந்த ஆவணம்?" என்று தலைவர் கேட்டார். கேட்டபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கவேண்டும். இவ்வளவு நாளும் யாரும் கேட்காத கேள்வி அது.

"பொதுவாகத் தெரிந்த விஷயம்."

"வழங்கல் பதிவுகள்? அணிக்கு அணி, துப்பாக்கி இலக்கத்தோடு?"

"அவை பாதுகாப்பு தொடர்பானவை."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுதச் சொன்னார்: ஆயுதத்தின் வகை உறுதிப்படவில்லை. ஆயுத வகையை மட்டும் காரணமாக வைத்துக் கோவையை மூட முடியாது. பதிவுகளைக் கோரி அறிவித்தல் அனுப்பப்படும். அடுத்த தவணை மூன்று மாதத்தில்.

வெளியில் வெயில். காவலன் உறையைத் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டான், மேலிடத்தில் கேட்கவேண்டுமாம். கம்பளித் துண்டை மட்டும் கொடுத்தான். ஆழ்வாப்பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் தரிப்பில் நின்றார். இது வெற்றியா என்று அவருக்கு விளங்கவில்லை. பதிவுகள் வருமா? வராது என்றுதான் பட்டது. வந்தாலும், எரிந்துபோயின என்று ஒரு கடிதத்தில் வரும். பஸ்ஸுக்கு மட்டும்தானா நெருப்பு வைக்கத் தெரியும்?

சிவகௌரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"கோவையைப் பூட்டேல்லை," என்றாள்.

"பூட்டேல்லை. ஆனால் நான் ஒண்டும் பெரிசாச் சொல்லேல்லைப் பிள்ளை. ஒரு வருஷம் கூடச் சொல்லேல்லை."

"வருஷம் சொல்லியிருந்தால் அந்தப் படத்தாள் மனிசன் உங்களைக் குறுக்குக் கேள்வி கேட்டு உரிச்சிருப்பான். ஜெசிதாவுக்கும் இப்ப அது தெரியும். உள்ளுக்கை நிண்டு புறுபுறுக்கிறா." அவள் கைப்பையிலிருந்து துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தாள். "ஐயா, ஒண்டு கேப்பன், கோவிக்காதேங்கோ. அவன் உங்களுக்கு அடிச்சது எந்தக் கன்னம்?"

"வலது."

"அப்ப அவன் இடது கைக்காரன்."

ஆழ்வாப்பிள்ளை வலது கன்னத்தைத் தொட்டார். எதிரே நின்றவன். உறையைப் பிடித்த கை. அது அவனுடைய இடது கையா? அல்லது வலது கையால் பின்புறமாக ஓங்கினானா? தலையைத் திருப்பியபோது பட்டதா? பராசக்தி ஒத்தடம் பிடித்தது எந்தப் பக்கம்?

"உங்களிட்டை வந்தவன் எந்தத் தொடையிலை கட்டியிருந்தவன், பிள்ளை? ரெண்டும் ஒரு பக்கமெண்டால் ஒரே ஆளாயிருக்கலாம்."

"இடது," என்றாள் அவள். உடனே, "என்ரை இடதோ, அவன்ரை இடதோ," என்று நிறுத்தினாள். கண்ணை மூடினாள். முழங்காலில் இருக்கிறவள்போல உடம்பு சற்றுக் குனிந்தது. கை தானாக எழுந்து ஒரு பக்கம் காட்டியது, பிறகு மறுபக்கம் போனது.

பஸ் வந்து நின்றது. நடத்துனர், "மீசாலை, கொடிகாமம், ஏறுங்கோ ஏறுங்கோ," என்று கத்தினான். அவள் கண்ணைத் திறந்தாள்.

"தெரியேல்லை ஐயா."

"அப்ப அதையும் அப்பிடியே சொல்லுவம்," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "வீட்டிலை மனிசியிட்டைக் கேக்கிறன், எந்தக் கன்னமெண்டு. அவ ரெண்டு கன்னமும் எண்டுதான் சொல்லுவா. அதையும் கொண்டுவாறன்."

"மறக்காமல் வருவியளோ?"

"வாறன்," என்றார். கம்பளித் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, அவளுக்கு முதலில் ஏற வழி விட்டார்.